ஆளுக்கேற்ற மரபணு மருத்துவம்: பலன் எங்கே, சிக்கல் எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“ஒரு ஜெனடிக் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்” என்று டாக்டர் சொன்னால், பலரும் முதலில் கேட்பது “எவ்வளவு ஆகும்?” என்றுதான். மற்ற கேள்விகள் எல்லாம் ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். அதற்குள் சில விஷயங்களைத் திரும்பப் பெற முடியாத நிலை வந்துவிடும். அதனால் அந்தக் கேள்விகளை முன்கூட்டியே இங்கே போட்டிருக்கிறோம்.

ஆளுக்கேற்ற மருத்துவம் என்றால் எனக்கென்று தனியாக மருந்து செய்வார்களா?

பெரும்பாலும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற மருந்துகளில் எது உங்களுக்கு ஒத்துவரும், எது ஆகாது, எந்த அளவு போதும் என்பதை உங்கள் மரபணுவைப் பார்த்து முடிவு செய்வதுதான் இதில் முக்கால்வாசி வேலை. உங்களுக்காக மட்டும் தயாரித்த மருந்து என்பதும் இப்போது நடந்திருக்கிறது. அதைப் பிற்பாடு பார்ப்போம்.

மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் (டிஎன்ஏ-வின் அடிப்படை அலகுகள்) இருக்கின்றன. எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஆயிரத்துக்கு 999 எழுத்து ஒத்துப்போகும். மிச்சம் இருக்கிற அந்த ஒன்றே மொத்தத்தில் பல லட்சம் வித்தியாசங்களாக விரிகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாமல் சும்மா கிடப்பவை. சில மட்டும் நோயைக் கொண்டுவரும், அல்லது கல்லீரல் ஒரு மருந்தை உடைக்கும் வேகத்தை மாற்றும்.

1990-ல் தொடங்கி 2003-ல் முடிந்த மனித மரபணுத் திட்டத்துக்குக் கிட்டத்தட்ட 300 கோடி டாலர் ஆனது. இன்று ஒருவருடைய முழுத் தொகுதியையும் படிக்க ஆயிரம் டாலர்கூட ஆவதில்லை. விலை இப்படி மளமளவென்று இறங்கிவிட்டது. ஆனால் படித்ததைப் புரிந்துகொள்ளும் திறமை அதே வேகத்தில் ஏறவில்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவைதான்.

சரி, இதனால் நிஜமாகவே பலன் கண்டவர்கள் உண்டா?

உண்டு, தாராளமாக. நல்ல உதாரணம் வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாசெபின். விலை குறைந்த, பழைய, பலருக்கும் நன்றாக வேலை செய்கிற மாத்திரை. ஆனால் சிலருக்கு மட்டும் தோல் கொப்புளித்து உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறியைக் கொண்டுவந்துவிடும். யாருக்கு வரும் என்று முன்பு சொல்ல வழியில்லாமல் இருந்தது. 2004-ல் தைவான் ஆய்வாளர்கள், பாதிக்கப்பட்டவர்களிடம் ஹெச்எல்ஏ-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் தைவானிலேயே 4,877 பேருக்கு மாத்திரை தொடங்கும் முன் சோதனை செய்தார்கள். அந்த வகை இருந்த 7.7 சதவீதம் பேருக்கு வேறு மருந்து, மற்றவர்களுக்குக் கார்பமாசெபின். பழைய கணக்குப்படி பார்த்தால் ஏறக்குறைய பத்துப் பேருக்கு அந்தத் தோல் நோய் வந்திருக்கவேண்டும். ஒருவருக்குக்கூட வரவில்லை. 2011-ல் வெளியான முடிவு இது. ஆளுக்கேற்ற மருத்துவத்தைப் பற்றிய விளம்பரங்களை நம்பாதவர்கள்கூட இந்த ஆய்வின் முன்னால் வாயடைத்துப்போவார்கள்.

வலிநிவாரணியான கோடீனும் இதே ரகம்தான். கல்லீரல் அதை மார்ஃபினாக மாற்றினால்தான் வலி குறையும். சிலருக்கு அந்த மாற்றம் நடக்கவே நடக்காது, மாத்திரை வீண். வேறு சிலருக்கு மிக வேகமாக நடக்கும். சாதாரண அளவே அளவுக்கு மீறிய மார்ஃபினாகி மூச்சை அடக்கிவிடும். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இப்படி இறந்ததைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-ல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-ல், 12 வயதுக்குக் கீழே கோடீனே கூடாது என்றது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூரோயூரசில் மருந்தை உடைக்க முடியாதவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சோதனையை ஐரோப்பிய மருந்து அமைப்பு 2020-ல் பரிந்துரைத்தது.

புற்றுநோயில் வரலாறே மாறியிருக்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்குக் காரணம், இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் உருவான ஒரு கோளாறான புரதம். அந்தப் புரதத்தை மட்டும் குறிவைக்கும் இமாட்டினிப் 2001-ல் அனுமதி பெற்றது. அதை எடுத்துக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்த முக்கிய ஆய்வில், பத்து வருடம் கழித்தும் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிற நோயாக அது மாறிவிட்டது.

அப்புறம், பெயரே தெரியாத நோயோடு வருடக்கணக்கில் ஒவ்வொரு டாக்டராக அலைகிற குழந்தைகளின் பெற்றோர்கள். இவர்களுக்கு முழு மரபணுப் படிப்பு மருந்தைக் கொண்டுவராவிட்டாலும் பல நேரம் நோயின் பெயரைக் கொண்டுவருகிறது. ‘நாம் கர்ப்பமாக இருந்தபோது ஏதோ தப்பு செய்துவிட்டோம்’ என்று உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த தாய்க்கு அந்தப் பெயரே பெரிய விடுதலை.

புற்றுநோய்க் கட்டியைச் சோதிப்பதும் என்னைச் சோதிப்பதும் ஒன்றா?

இல்லை. கட்டிக்குள் புதிதாக ஏற்பட்ட பிறழ்வுகள் (மரபணு எழுத்து மாற்றங்கள்) அந்தக் கட்டியோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே வந்த பிறழ்வு உடம்பின் எல்லா அணுக்களிலும் இருக்கும், வாரிசுக்கும் போகலாம். சிக்கல் என்னவென்றால், கட்டியைச் சோதிக்கும்போதே பிறவிப் பிறழ்வு ஒன்று தற்செயலாகக் கண்ணில் படலாம். “அப்படி ஏதாவது தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா?” என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

‘ஆபத்து இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தால் நோய் வந்தே தீருமா?

எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. மூளையைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனில் ஒரு குறிப்பிட்ட மூன்றெழுத்துத் தொடர் 40 அல்லது அதற்கு மேற்பட்ட தடவை திரும்ப வந்தால், வழக்கமான ஆயுள் இருக்கும்வரை நோய் வருவது உறுதி. 36 முதல் 39 வரை என்றால் வரலாம், வராமலும் போகலாம். மரபணு இவ்வளவு கறாராகப் பேசுவது அபூர்வம்.

பிஆர்சிஏ1 மரபணுவில் கேடான பிறழ்வு இருக்கும் பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். பயமுறுத்தும் எண்தான். ஆனால் பத்தில் மூன்று பேருக்கு வருவதில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது. அடிக்கடி ஸ்கேன், மாத்திரை, அறுவை என்று செய்வதற்கும் வழிகள் உண்டு. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் இரண்டு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டதை வெளிப்படையாக எழுதியபின் இந்தச் சோதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை பல நாடுகளில் எகிறியது. அவருக்குச் சரியான முடிவு எல்லாருக்கும் சரியாக இருக்கவேண்டியதில்லை.

மற்றபடி சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு போன்ற அன்றாட நோய்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கைவைக்கின்றன. அதையெல்லாம் கூட்டி ஒரு ‘ஆபத்து மதிப்பெண்’ போட்டுக் கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்து வாழ்க்கையை மாற்றிக்கொள்ளும் முன், டாக்டர் உங்கள் இடுப்பளவையும் புகைப்பழக்கத்தையும் குடும்ப வரலாற்றையும் கேட்டாரா என்று பாருங்கள். பல நேரம் அவை அதிகம் சொல்லும்.

‘ஒன்றுமில்லை’ என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

எதைத் தேடினார்கள் என்று தெரியாமல் நிம்மதி வேண்டாம். 2018-ல் எஃப்டிஏ, 23அண்ட்மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனம் டாக்டர் சீட்டு இல்லாமல் நேரடியாக விற்கும் பிஆர்சிஏ சோதனையை அனுமதித்தது. அந்தச் சோதனை பார்த்தது மூன்றே மூன்று பிறழ்வுகளை. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை அவை. பிஆர்சிஏ மரபணுக்களில் தெரிந்த பிறழ்வுகளோ ஆயிரத்துக்கும் மேல். வேறு வம்சாவளியைச் சேர்ந்த பெண் ஒருவர் அதில் ‘இல்லை’ என்று வந்ததை நம்பி மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

‘இருக்கிறது’, ‘இல்லை’ இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பதில் உண்டு: ‘பொருள் தெரியாத மாறுபாடு’. எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அது கேடா இல்லையா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்று அர்த்தம். பின்னாளில் தெளிவு வரும்போது இவற்றில் பெரும்பாலானவை ‘கேடில்லை’ என்ற பக்கம்தான் போய்ச் சேர்கின்றன. ஆகவே இந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு அறுவை வரை போகக்கூடாது. டாக்டரே அவசரப்பட்டால் இன்னொரு மரபணு நிபுணரிடம் கேளுங்கள்.

எச்சிலைத் துப்பி அனுப்பும் கிட்களை நம்பலாமா?

பூர்விகம் தெரிந்துகொள்ளும் பொழுதுபோக்குக்குச் சரி. மருத்துவ முடிவுக்கு வேண்டாம். அந்த நிறுவனங்கள் தரும் மூலத் தரவை வேறொரு தளத்தில் ஏற்றி நோய் தேடும் பழக்கம் இருக்கிறது. அப்படி வந்த முடிவுகளை முறையான ஆய்வகத்தில் சரிபார்த்த ஒரு ஆய்வில், 40 சதவீதம் தவறாக இருந்தன. அதாவது உடம்பில் இல்லவே இல்லாத பிறழ்வு. 2018-ல் வந்த, 49 மாதிரிகளை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். இருந்தாலும் போதுமான எச்சரிக்கை.

என் முடிவை உறவினர்களிடம் சொல்லியாகவேண்டுமா?

இந்தப் பக்கத்திலேயே மிகக் கடினமான கேள்வி இது. ரத்தம் கொடுத்தது நீங்கள் ஒருவர்தான். ஆனால் ரிப்போர்ட்டில் உங்கள் அம்மா, அண்ணன், தங்கை, பிள்ளைகள் எல்லாருமே பாதிப் பாதியாக இருக்கிறார்கள். சர்க்கரை அளவு உங்களுடையது மட்டும். மரபணு அப்படி இல்லை.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். தன் மனைவியைச் சுட்டுக் கொன்ற ஒருவர் மனநலக் காவலில் இருந்தார். 2009-ல் அவருக்கு ஹண்டிங்டன் நோய் என்று தெரிந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. அவருடைய மகள் அப்போது கர்ப்பம். மகளிடம் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. தெரிந்தால் உயிரை மாய்த்துக்கொள்வாள் அல்லது கருவைக் கலைத்துவிடுவாள் என்று பயந்தார். டாக்டர்கள் நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்றினார்கள். குழந்தை பிறந்த பிறகு தற்செயலாக மகளுக்கு விஷயம் தெரியவந்தது. பின்னர் சோதனையில் அவருக்கும் அந்த மரபணு இருப்பது உறுதியானது. முன்பே சொல்லியிருந்தால் கருவைக் கலைத்திருப்பேன் என்று சொல்லி அவர் வழக்குப் போட்டார்.

2020-ல் வந்த தீர்ப்பில் அவர் தோற்றார். ஆனால் நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது: நோயாளியின் ரகசியத்தையும், ஆபத்தில் இருக்கும் நெருங்கிய உறவினரின் நலனையும் எடைபோட்டுப் பார்க்கும் சட்டக் கடமை டாக்டருக்கு உண்டு. எடைபோட்டபின் சொல்லாமல் இருப்பதும் நியாயமாக இருக்கலாம். எடைபோடாமலே இருப்பது தவறு. என் கருத்தில் இது சரியான இடத்தில் வந்து நின்ற தீர்ப்பு. அந்த மகளுக்கு அதனால் என்ன ஆறுதல் என்று கேட்டால் பதில் இல்லை.

ஐஸ்லாந்தில் இதே கேள்வி ஒரு நாட்டின் அளவுக்குப் பெரிதானது. மக்கள்தொகை குறைவு, வம்சாவளிப் பதிவுகள் பல தலைமுறைக்கு உண்டு. டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்திடம், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-வின் குறிப்பிட்ட பிறழ்வு யார் யாரிடம் இருக்கிறது என்ற தகவல் இருந்தது. மாதிரியே கொடுக்காதவர்களின் நிலையைக்கூட உறவினர்களை வைத்துக் கணிக்க முடிந்தது. கூப்பிட்டுச் சொன்னால் உயிர் பிழைப்பார்கள் என்றது நிறுவனம். அவர்கள் கேட்கவில்லையே, சம்மதமும் தரவில்லையே என்றது அரசு. கடைசியில் 2018-ல் ஒரு தளம் திறந்தார்கள்: தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தாங்களே வந்து கேட்கலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? சோதனைக்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். “எனக்கு இப்படி ஒரு டெஸ்ட் எடுக்கிறார்கள். ஏதாவது வந்தால் உங்களுக்கும் தெரியவேண்டுமா?” என்ற அந்த ஒரு கேள்வி போதும். முடிவு வந்தபின் கேட்டால், கேட்கும் முகமே பதிலைச் சொல்லிவிடும். தடுக்க வழியுள்ள நோய் என்றால் சொல்லிவிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். பரம்பரை மிகைக் கொழுப்பு போல, சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும், மாத்திரையால் மாரடைப்பைத் தள்ளிப்போட முடிகிற விஷயத்தைத் தம்பியிடம் மறைப்பதற்கு நல்ல காரணம் கிடைப்பது கஷ்டம்.

தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை எனக்கு உண்டா?

உண்டு. யுனெஸ்கோவின் 1997 மனித மரபணுப் பிரகடனமே இதைச் சொல்கிறது. ஹண்டிங்டன் குடும்பங்களில் பிறந்தவர்களில் சோதனை எடுக்க முன்வருவோர் சிறுபான்மைதான். மருந்தில்லாத நோயைப் பற்றி முன்கூட்டியே தெரிந்து என்ன செய்ய என்ற அவர்கள் கேள்வி நியாயமானது.

ஆனால் இந்த உரிமையைக் காப்பாற்றிக்கொள்வது சுலபமில்லை. டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் முழு மரபணுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. அவர் கேட்டுக்கொண்டபடி அல்சைமர் மறதி நோய் ஆபத்தோடு தொடர்புடைய ஏபிஓஈ மரபணுவை மட்டும் அதிலிருந்து நீக்கினார்கள். அது பெயரை மட்டும் அழித்துவிட்டுத் தெருவையும் கதவு எண்ணையும் அப்படியே விட்டுவைத்த மாதிரி ஆனது. அக்கம்பக்கத்து எழுத்துகளை வைத்தே நீக்கிய பகுதியை ஊகிக்க முடியும் என்று வேறு ஆய்வாளர்கள் 2009-ல் எழுதினார்கள். அப்புறம் இன்னும் பெரிய பகுதியை நீக்கவேண்டியிருந்தது.

குழந்தைக்கு இப்போதே சோதனை எடுத்து வைத்துவிடலாமா?

சின்ன வயதிலேயே சிகிச்சை தேவைப்படும் நோய் என்றால் தயங்கவே வேண்டாம். பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நோய் தேடும் பழக்கம் 1960-களிலிருந்தே இருக்கிறது; எத்தனையோ பிள்ளைகளை அது மூளைக் குறைபாட்டிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் வரக்கூடிய, இப்போது எதுவும் செய்ய முடியாத நோய் என்றால் பெரும்பாலான மருத்துவ அமைப்புகள் பொறுக்கச் சொல்கின்றன. பதினெட்டு வயதில் அந்தப் பிள்ளை ‘எனக்கு இது தெரியவேண்டாம்’ என்று சொல்லும் வாய்ப்பை நாம் இப்போதே பறித்துவிடக்கூடாது.

பெயரை நீக்கிவிட்டால் என் தகவல் பாதுகாப்பானதுதானே?

பெயரை நீக்குவது உதவும், போதாது. 2013-லேயே ஆராய்ச்சிக்காகப் பெயரில்லாமல் வெளியிட்ட மரபணுத் தரவை, இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தளங்களோடு ஒப்பிட்டு ஆட்களை அடையாளம் காட்டினார்கள். 2018-ல் கலிபோர்னியா காவல்துறை, எழுபது எண்பதுகளில் தொடர் கொலைகள் செய்த ஒருவரை இதே வழியில் பிடித்தது. அவர் எந்தத் தளத்திலும் தன் டிஎன்ஏ-வைப் போடவில்லை. போட்டவர்கள் அவருடைய தூரத்து உறவினர்கள். கொலைகாரன் பிடிபட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அதே வழி, எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரைத் தேடும் அரசுக்கும் திறந்தே இருக்கிறது.

2023-ல் 23அண்ட்மீயில் நடந்த தரவுத் திருட்டும் உறவுக் கதைதான். வேறு தளங்களில் கசிந்த கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்துத் திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில். உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக அவர்கள் அள்ளியது ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரங்களை. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது இன்னொரு கேள்வி எழுந்தது: கடையை விற்றால் எச்சிலையும் சேர்த்து விற்பார்களா? எதிலும் சேரும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: தரவையும் மாதிரியையும் அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா, நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும்.

இன்சூரன்ஸ் மறுக்கப்படுமா? வேலை போகுமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2008-ல் வந்த ஜினா சட்டம், மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீடு அதில் வராது. உடல் ஊனக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடும் வராது. 15 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் பொருந்தாது. பலர் ‘சட்டம் இருக்கிறதே’ என்று இந்த ஓட்டைகளைக் கவனிப்பதில்லை. கனடாவின் 2017 சட்டம் இதைவிட அகலமானது. ஒப்பந்தம் எதற்கும் சோதனை முடிவைக் கேட்பதையே குற்றமாக்கியது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களோடு ஓர் உடன்பாடு இருக்கிறது. முன்கணிப்புச் சோதனையில் ஹண்டிங்டன் ஒன்றை மட்டும், அதுவும் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் கேட்கலாம்.

உங்கள் நாட்டுச் சட்டத்தில் ஆயுள் காப்பீடு அடங்குமா என்பதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டுத் தெரிந்தபின் பாலிசி எடுப்பதா, சோதனை எடுப்பதா, எது முதலில் என்று முடிவு செய்யலாம். இது தந்திரம் என்று தோன்றலாம். மரபணு ஆலோசகர்களே இதைச் சொல்வதுண்டு.

என் ரத்தத்தை வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவார்களா?

ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்கள், தங்களிடையே பெருகும் சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பி 1990-களில் அரிசோனா அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவு, நெருங்கிய உறவுத் திருமணம், பூர்விகக் குடிபெயர்வு எல்லாம் ஆராயப்பட்டன. அந்த மக்களின் நம்பிக்கைப்படி அவர்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் ரத்தத்தையே சாட்சிக்கு அழைத்தது ஆய்வு. 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. படிவத்தில் இருந்த பொதுவான ஒரு வாக்கியத்தை ஆய்வாளர்கள் பரந்த அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். கொடுத்தவர்களோ சர்க்கரை நோய்க்குத்தான் கொடுத்தார்கள்.

எல்லா மக்களுக்கும் இந்தப் பலன் ஒரே அளவில் கிடைக்கிறதா?

கிடைக்கவில்லை. காரணம் விலை மட்டுமில்லை. 2016-ல் எடுத்த கணக்கில், நோயோடு மரபணுவைப் பொருத்திப் பார்க்கும் பெரிய ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 81 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துச் செய்த அளவுகோலால் மற்றவர்களை அளந்தால் பிழை வரும். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு அப்படி ஒரு பிழையைக் கையும் களவுமாகப் பிடித்தது. இதயத் தசை தடிப்பு நோய்க்குக் காரணம் என்று சொல்லப்பட்ட சில மாறுபாடுகள், கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகவே காணப்படும் தீங்கற்ற மாறுபாடுகள் என்று தெரியவந்தது. ஒப்பீட்டுக் குழுவில் கொஞ்சம் கறுப்பினத்தவரைச் சேர்த்திருந்தாலே தவறு நடந்திருக்காது. இல்லாத இதய நோயைச் சுமந்துகொண்டு சிலர் வாழ்ந்திருக்கிறார்கள்.

மரபணுவையே திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதாமே?

வந்துவிட்டது. மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அமைந்த காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதல் அனுமதி கொடுத்தது, பரம்பரை ரத்த நோய்களான அரிவாள் அணு ரத்தசோகைக்கும் தலசீமியாவுக்கும். அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். விலை மட்டும் தடையில்லை. நோயாளியின் எலும்பு மஜ்ஜையைக் கடுமையான கீமோ மருந்தால் காலி செய்துவிட்டுத்தான் திருத்திய அணுக்களைச் செலுத்த முடியும். குழந்தைப் பேறு பாதிக்கப்படலாம். இருபது வயதில் இருப்பவருக்கு அது லேசான விஷயமில்லை.

2025-ல் பிலடெல்பியாவில், அம்மோனியா உடம்பில் சேர்ந்துவிடும் அபூர்வக் குறைபாட்டோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அந்தக் குழந்தையிடம் இருந்த பிறழ்வை மட்டும் திருத்தும் மருந்தை ஆறே மாதத்தில் செய்து செலுத்தினார்கள். முதல் கேள்வியில் சொன்ன ‘தனக்கென்று செய்த மருந்து’ இதுதான். குழந்தை தேறி வீட்டுக்குப் போனது. உலகில் ஒருவருக்கு மட்டுமே பொருந்தும் மருந்தை எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு இப்படித் தனித்தனியாகச் செய்ய முடியும், யார் காசு கொடுப்பார்கள் என்பதற்கு இன்னும் விடை இல்லை.

இவை உடம்பின் அணுக்களில் மட்டும் செய்த திருத்தங்கள். அந்த ஆளோடு நின்றுவிடும். கருவில் செய்தால் வம்சம் முழுக்கப் போகும். 2018-ல் சீனாவின் ஹே ஜியான்குயி, எச்ஐவி தொற்றாமல் இருக்கவேண்டும் என்று இரட்டைப் பெண் குழந்தைகளின் கருவில் திருத்தம் செய்ததாக அறிவித்தார். எச்ஐவியைத் தடுக்க எளிய வழிகள் ஏற்கெனவே இருந்தன. அடுத்த ஆண்டு அவருக்கு மூன்று வருடச் சிறை. இந்தத் துறை ஏன் இவ்வளவு பயந்து பயந்து நடக்கிறது என்று கேட்பவர்கள் 1999-ஐயும் நினைக்கவேண்டும். தன் மரபணுக் குறைபாட்டை மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சமாளித்துக்கொண்டிருந்த 18 வயது இளைஞர் ஒருவர், மரபணு சிகிச்சைப் பரிசோதனையில் தானாக முன்வந்து சேர்ந்து, மருந்து செலுத்திய நான்காம் நாள் இறந்தார்.

கருவிலேயே ‘நல்ல’ மரபணுவைத் தேர்ந்தெடுக்கலாமா?

குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கும் கடுமையான ஒற்றை மரபணு நோயைத் தவிர்க்க, செயற்கைக் கருத்தரிப்பில் கருவைச் சோதிப்பது பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. உயரம், புத்தி, சர்க்கரை நோய் ஆபத்து என்று மதிப்பெண் போட்டுக் கருவைத் தேர்ந்தெடுப்பது வேறு கதை. பெரியவர்களிடமே தடுமாறும் அந்த மதிப்பெண்ணை வைத்து, ஒரே பெற்றோரின் நாலைந்து கருக்களுக்குள் தரம் பிரிப்பதை மரபணு மருத்துவ அமைப்புகளே ஏற்கவில்லை. விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

டாக்டர் சோதனை எழுதிக் கொடுத்துவிட்டார். அவரிடம் என்ன கேட்கவேண்டும்?

முதல் கேள்வி, “முடிவு எப்படி வந்தாலும் என் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் இந்தச் சோதனை எதற்கு என்று அவரே விளக்கட்டும். அப்புறம், எந்தெந்த மரபணுக்களைப் பார்க்கிறார்கள், தேடாத ஒன்று கண்ணில் பட்டால் சொல்வார்களா, மிச்ச மாதிரி எங்கே போகும், முடிவை விளக்க மரபணு ஆலோசகர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டின் முழுப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ‘நார்மல்’ என்று போனில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். அதில் ‘பொருள் தெரியாத மாறுபாடு’ என்று எழுதியிருந்தால் சில வருடம் கழித்து அதே பிரதியோடு போய், அதன் பொருள் இப்போது தெரிந்துவிட்டதா என்று கேளுங்கள். பல ஆய்வகங்கள் தாமாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை.